சதுசேயர்: ஒரு பெயர் கைமாறிய கதை

தமிழ் விவிலியம் படிக்கிறவர்களுக்குச் சாதோக்கு ஒருவர், சதுசேயர் வேறு. சாதோக்கு தாவீது காலத்து ஆசாரியர். அப்சலோம் கலகம் செய்தபோது ராஜாவின் பக்கம் நின்றவர். சாலொமோனுக்கு அபிஷேகத் தைலம் வார்த்தவர். சதுசேயர் என்பவர்களோ அதற்கு ஆயிரம் ஆண்டு கழித்துச் சுவிசேஷங்களில் தலைகாட்டி, உயிர்த்தெழுதல் இல்லை என்று வாதாடும் கூட்டத்தார். இரண்டு பெயருக்கும் வேர் ஒன்றே. தமிழ் எழுத்தைப் பார்த்தால் அது தெரியாது.

எபிரேயத்தில் அந்த ஆசாரியர் த்ஸாதோக், கூட்டத்தார் த்ஸதூக்கிம். கிரேக்கத்துக்குள் போனபோது முதல் எழுத்திலிருந்த 'த்ஸ' வெறும் 'ஸ' ஆனது, ஈற்றில் கிரேக்க விகுதி ஒட்டிக்கொண்டது: சத்தூக்காயோய். அங்கிருந்து லத்தீன் வழியாக மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குப் போனதும் நடுவிலிருந்த 'க' ஒலி 'ச'வாக இளகியது. நமக்கு வந்து சேர்ந்தது அந்த இளகிய வடிவம். பரிசேயர், சதுசேயர் என்று அடுத்தடுத்துச் சொல்லும்போது இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் ஒலிக்கின்றன. ஆனால் பரிசேயரில் உள்ள 'சே' எபிரேய வேரிலேயே இருந்த 'ஷ'வின் வாரிசு. சதுசேயரில் உள்ளது தேய்ந்துபோன ஒரு 'க'. எதுகை தற்செயல்.

சாதோக்கு பெயருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், எசேக்கியேல் புத்தகத்தின் கடைசி அதிகாரங்களைப் பார்க்க வேண்டும். பாபிலோன் சிறையிருப்பில் இருந்தபடி வரப்போகும் ஆலயத்துக்குத் திட்டம் போடும் தீர்க்கதரிசி, பலிபீடத்தை நெருங்கும் உரிமையைச் சாதோக்கின் புத்திரருக்கு மட்டும் கொடுக்கிறார். மற்ற லேவியர், விக்கிரகங்களின் பின்னே போனதற்காகக் கீழ்வேலைக்குத் தள்ளப்படுகிறார்கள். எசேக்கியேலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு இந்தப் பெயரைச் 'சத்தூக்' என்று எழுதுகிறது. ராஜாக்களின் புத்தகங்களில் காணாத இரட்டை ஒற்றும் ஊகாரமும் இங்கே இருக்கின்றன. ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின், புடாபெஸ்ட்டில் உள்ள கௌஃப்மன் ஏடும் இதே பெயர்கொண்ட ஒரு ரபியைத் 'த்ஸத்தூக்' என்றே உயிர்க்குறி இட்டு எழுதியிருக்கிறது. ஆக, கட்சிப் பெயரில் கேட்கும் ஒலி இந்த ஆசாரியர் பெயரின் பேச்சு வடிவத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். நீதிமான் என்று பொருள்படும் 'த்ஸதீக்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்போரும் பண்டே உண்டு. 4ஆம் நூற்றாண்டில் எப்பிபானியுஸ் இரண்டு விளக்கத்தையும் தருகிறார். ஈகாரம் எப்படி ஊகாரமாயிற்று என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் விடை இல்லை. எனக்கு முதலாவதே சரியென்று படுகிறது.

ரபிகள் சொன்ன கதையோ வேறு. அதில் தாவீதின் ஆசாரியரே இல்லை. சோக்கோ ஊர் அந்திகோனஸ், கூலியை எண்ணி எசமானுக்கு வேலை செய்யும் ஆட்களாக இராதீர்கள் என்று போதித்தாராம். அவருக்குச் சாதோக்கு, பைத்தோஸ் என்று இரண்டு சீடர்கள். அந்தச் சீடர்களின் வழிவந்தோர் இந்தப் போதனையைக் கிண்டிப் பார்த்து, பகல் முழுக்கப் பாடுபட்டவன் மாலையில் கூலி வாங்காமல் போவானா, மறுமை என்று ஒன்று இருந்தால் நம் முன்னோர் இப்படிச் சொல்லியிருப்பார்களா என்று கேட்டு, தோராவை விட்டுப் பிரிந்துபோனார்கள். ஒரு கிளை சாதோக்கின் பெயரில், மறுகிளை பைத்தோஸ் பெயரில். வாழ்நாளெல்லாம் வெள்ளியும் பொன்னுமான பாத்திரங்களில் புழங்கினார்கள்; பரிசேயர் இந்த உலகத்தில் உடம்பை வருத்திக்கொள்கிறார்கள், மறு உலகத்திலும் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று ஏளனம் செய்தார்கள். 'அவோத் தெ ரபி நாத்தான்' என்ற நூல் சொல்லும் இந்தக் கதை, பெயருக்குக் காரணம் தேடி உண்டாக்கிய கதை என்பது படித்ததும் தெரியும். சரித்திரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எதிராளி யார் என்பதற்கு ரபிகள் மனத்தில் இருந்த சித்திரம் இதில் கச்சிதமாக இருக்கிறது: பணக்காரன், மறுமையை நம்பாதவன், வழிதவறிய சீடப்பிள்ளை.

முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் தரும் சித்திரமும் ஏறக்குறைய இதுதான். சதுசேயர் எண்ணிக்கையில் குறைவு, அந்தஸ்தில் உயர்வு. மோசேயின் சட்டத்தில் எழுதியிருப்பதைத் தவிர முன்னோர் வழக்கு என்று பரிசேயர் சொல்வதை ஏற்காதவர்கள். பதவிக்கு வந்தால் மட்டும், ஜனங்கள் பொறுக்கமாட்டார்கள் என்பதால், பரிசேயர் சொல்படி நடந்துகொள்வார்களாம்.

இனி மிஷ்னாவுக்கு வருவோம். எருசலேம் ஆலயம் எரிந்தது கி.பி. 70இல். மிஷ்னா தொகுக்கப்பட்டது சுமார் 200இல். அதற்குள் பலிபீடமும் இல்லை, அதன் உரிமைக்குச் சண்டைபோட்ட கட்சிகளும் இல்லை. ஆனாலும் மிஷ்னாவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சதுசேயர் வந்து நிற்கிறார்கள். வரும்போதெல்லாம் ஏதாவதொரு சட்டச் சிக்கலோடுதான் வருகிறார்கள். சுவிசேஷத்துச் சதுசேயர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால், மிஷ்னாவின் சதுசேயர் தண்ணீரைப் பற்றியும் எலும்பைப் பற்றியும் சூரியன் சாயும் நேரத்தைப் பற்றியும் பேசுகிறார்கள்.

சில இடங்களில் அவர்கள் வெறும் பக்கத்துவீட்டுக்காரர்கள். ரபான் கமாலியேல் தம் தகப்பனார் காலத்துச் சம்பவமொன்றைச் சொல்கிறார். எருசலேமில் அவர்கள் குடியிருந்த சந்தில் ஒரு சதுசேயன் இருந்தான். ஓய்வுநாளில் வீட்டிலிருந்து பொதுச் சந்துக்குப் பொருளை எடுத்துப்போகக் கூடாது. சந்துவாசிகள் எல்லாரும் சேர்ந்து ஓர் உணவைப் பொதுவில் வைத்து அந்தச் சந்தையே ஒரே வீடாகக் கணக்கிட்டுக்கொண்டால் எடுத்துப்போகலாம் என்பது பரிசேயர் வழக்கு. அந்த வழக்கையே ஒப்புக்கொள்ளாத ஒருவன் சந்தில் இருந்தால்? தகப்பனார், அவன் தன் சாமானை வெளியே கொண்டுவந்து வைத்துத் தன் உரிமையை நிலைநாட்டுவதற்கு முன் உங்கள் பாத்திரங்களையெல்லாம் சந்தில் கொண்டுபோய் வையுங்கள் என்று பிள்ளைகளை விரட்டினாராம். எதிர்க்கட்சியைப் பற்றி எளிதில் கிடைக்காத தகவல் இது: பெரிய ஆசாரியர்களின் கட்சி என்று நாம் நினைக்கும் ஒன்று, ஒரு சந்துவீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எப்படி நடமாடியது என்பது.

மற்ற இடங்கள் ஆலயத்தைச் சுற்றியவை. அவற்றில் மிகக் கடுமையானது சிவப்புக் கிடாரி பற்றிய சண்டை. பிணத்தைத் தொட்ட தீட்டு நீங்க, பழுதற்ற சிவப்புக் கிடாரி ஒன்றை எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை நீரில் கலந்து தெளிக்க வேண்டும் என்பது எண்ணாகமத்தின் கட்டளை. (தீட்டு என்றதும் நம் ஊர்த் தீட்டு நினைவுக்கு வரும். பிறப்பால் ஒருவரை ஒதுக்கும் தீட்டு அல்ல இது. ஆசாரியனுக்கும் வரும், முழுக்கும் பொழுதும் ஆனால் போகும். ஆலயத்துக்குள் போகலாமா, பரிசுத்தமானதைத் தொடலாமா என்பதே கேள்வி.) கிடாரியை எரிப்பவன் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்? முழுகினால் மட்டும் போதாது, அன்று சூரியன் மறைந்தபிறகே அவன் சுத்தமானவன் என்பது சதுசேயர் கட்சி. லேவியராகமத்தை எழுத்துக்கு எழுத்தாகப் படித்தால் அவர்கள் சொல்வதே பொருந்தும்: தண்ணீரில் முழுகி, சாயங்காலம்மட்டும் தீட்டாயிருப்பான் என்கிறது அது. முழுகியவன், பொழுது சாய்வதற்கு முன்பே, இந்த வேலைக்குப் போதுமான சுத்தம் உள்ளவன் என்பது பரிசேயர் வழக்கு.

மிஷ்னா சொல்கிற ஏற்பாட்டைப் பாருங்கள். ஆலய மலையிலிருந்து ஒலிவ மலைக்கு ஒரு மேம்பாலவழி. மூப்பர் கால்நடையாக முன்னே போய்க் காத்திருக்கிறார்கள். ஒலிவ மலையில் முழுகுவதற்கு ஓர் இடம். எரிக்கப் போகும் ஆசாரியரை அவர்கள் வேண்டுமென்றே தீட்டாக்குகிறார்கள். அவர்மேல் கைகளை வைத்து, பிரதான ஆசாரியரே, ஒரு முழுக்குப் போடும் என்கிறார்கள். அவர் இறங்கி முழுகி, ஏறி, ஈரத்தைத் துவட்டிக்கொண்டு, சூரியன் மேலே இருக்கும்போதே நெருப்பு வைக்க வேண்டும். இதெல்லாம் எதற்காக என்ற காரணத்தையும் மிஷ்னா ஒளிக்கவில்லை: சதுசேயருக்காக. சூரியன் சாய்ந்தவர்களால்தான் இது நடக்கிறது என்று அவர்கள் சொல்லிவிடக் கூடாதாம். ஒரு சடங்கில் இருக்கக்கூடிய மிக உயர்ந்த சுத்தத்தை, எதிர்க்கட்சியை மறுப்பதற்காகவே குறைத்துக்கொண்டார்கள். மிஷ்னாவின் துணைத்தொகுப்பான தொசெப்தா இன்னும் ஒருபடி மேலே போகிறது. சூரியன் சாய்ந்தபின் வந்து எரிக்க நின்ற ஒரு சதுசேய ஆசாரியரை ரபான் யோகனான் பென் சக்காய் இப்படியே கைவைத்துத் தீட்டாக்கி முழுகச் சொல்லி, அவர் ஏறி வந்ததும் காதைக் கிழித்துவிட்டாராம். உடலில் ஊனம் வந்த ஆசாரியர் ஊழியம் செய்யக் கூடாது. எனக்கு நேரம் கிடைக்கும்போது உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தச் சதுசேய ஆசாரியர் மிரட்டினார். மூன்று நாளைக்குள் அவரைக் கல்லறையில் வைத்தார்கள் என்று கதை முடிகிறது.

வென்றவர்கள் தோற்றவர்களின் சட்டத்தை எழுதிவைத்தால் எவ்வளவு நம்பலாம்? வெகுகாலம் இதற்கு விடை சொல்ல வழியில்லை. 1857இல் ஆபிரகாம் கெய்கர், ரபிகள் காலத்துக்கு முந்திய பழைய சட்டமரபொன்றின் மிச்சமே இந்தச் சதுசேயர் பேச்சு என்று வாதிட்டார். சான்று போதாது என்று பலர் தள்ளிவிட்டார்கள்.

சான்று சாக்கடல் ஓரத்துக் கும்ரானில் 4ஆம் குகைக்குள் துண்டுதுண்டாகக் கிடந்தது. 1952இல் அகப்பட்ட அந்தத் துண்டுகளில் ஒரே நூலின் 6 பிரதிகள். 1984இல் எருசலேம் மாநாடொன்றில் எலிஷா கிம்ரோனும் ஜான் ஸ்ட்ரக்னெலும் அதைப் பற்றி அறிவித்தார்கள். முழுப் பதிப்பு 1994இல் வந்தது. 'தோராவின் செயல்களில் சில' என்பது அதற்கு இன்று வழங்கும் பெயர். நாங்கள் என்று ஒரு தரப்பு, நீங்கள் என்று மறுதரப்பிடம், 'அவர்கள்' என்ற மூன்றாம் தரப்பு செய்கிற தப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. இருபதுக்கு மேற்பட்ட சட்டங்கள். சிவப்புக் கிடாரியும் உண்டு: அறுப்பவன், எரிப்பவன், சாம்பலை வாரிச் சேர்ப்பவன், தெளிப்பவன் எல்லாரும் சூரியன் மறைந்தபின்பே சுத்தமாவார்கள் என்கிறது. மிஷ்னா சதுசேயர் வாயில் வைத்த அதே சட்டம், மிஷ்னாவுக்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே, அதைப் பின்பற்றியவர்களின் கையெழுத்தில்.

இன்னொரு பொருத்தம் இதைவிட நுணுக்கமானது. 'நித்ஸோக்' என்றால் ஊற்றும்போது விழும் தாரை. சுத்தமான குடத்திலிருந்து தீட்டான பாத்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். கீழே விழுந்தது தீட்டாகிவிட்டது. தாரை வழியாகத் தீட்டு மேலேறிக் குடத்திலுள்ள தண்ணீரையும் பிடிக்குமா? மிஷ்னாவில் சதுசேயர் பரிசேயரைக் குறைகூறுகிறார்கள்: தாரையைச் சுத்தம் என்கிறீர்களே! பரிசேயர் திருப்பிக் கேட்கிறார்கள்: கல்லறைத் தோட்டத்திலிருந்து ஓடிவரும் வாய்க்காலை நீங்கள் சுத்தம் என்கிறீர்களே! கும்ரான் நூலும் தாரையைப் பேசுகிறது. ஊற்றும் நீரும் அதை வாங்கும் நீரும் ஒரே நீர், இடையில் பிரிவு கிடையாது என்பது அதன் தீர்ப்பு. பரிசேயர் வழிவந்த ரபிகளுக்கும் இதில் உள்ளூர ஓர் உறுத்தல் இருந்திருக்கிறது. தாரை சுத்தம் என்று விதித்துவிட்டு, மிஷ்னாவின் இன்னொரு பகுதியில் ஒரு விலக்குச் சொல்கிறார்கள்: கெட்டியான ஸீப் தேனும் மாவுக்கூழும் விலக்கு. ஷம்மாய் கூட்டத்தார் பருப்புக் கஞ்சியையும் சேர்க்கிறார்கள், அது பின்வாங்கி மேலே ஏறுமாம். தேனை ஊற்றி நிறுத்தியவர்களுக்குத் தெரியும், கடைசி இழை அறுந்து கீழே விழாமல் சுருண்டு பாத்திரத்துக்கே திரும்பும். அந்த இழையளவுக்கு எதிர்க்கட்சி சொன்னது நியாயம் என்று ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நான் படிக்கிறேன்.

ஆக, ரபிகள் சட்டத்தைச் சரியாகவே நினைவில் வைத்திருந்தார்கள். பெயரை?

இங்கேதான் சிக்கல். கும்ரான் சுருள்களில் 'த்ஸதூக்கிம்' என்ற சொல்லே இல்லை. 'சாதோக்கின் புத்திரர்' உண்டு, பெருமையோடு உண்டு. சமூக ஒழுங்குநூலின் 1ஆம் குகைப் பிரதியில் உடன்படிக்கையைக் காக்கும் ஆசாரியர்களான சாதோக்கின் புத்திரருக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று வருகிறது. அதே நூலின் 4ஆம் குகைப் பிரதிகளில் அந்த இடத்தில் 'பலர்' என்று மட்டும் இருக்கிறது. பெயர் பின்னால் ஏறியதா, முன்னால் இருந்து இறங்கியதா என்பது இன்றும் வழக்கு. நாகூம் தீர்க்கதரிசனத்துக்குக் கும்ரான் மக்கள் எழுதிய உரையில் எப்பிராயீம் என்றும் மனாசே என்றும் இரு பகைவர்கள் வருகிறார்கள். எப்பிராயீம் பரிசேயர், பிரபுக்கள் நிறைந்த மனாசே சதுசேயர் என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. அப்படியானால் சட்டத்தில் சதுசேயரோடு ஒத்துப்போகிறவர்கள் அரசியலில் அவர்களுக்கு எதிரிகள். லாரன்ஸ் ஷிஃப்மன், இந்தச் சமூகம் சதுசேயரிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்த கிளை என்றார். யாக்கோவ் சூஸ்மன் வேறு வழி போனார்: ஆசாரியர் வட்டத்தில் பரவலாக இருந்த கடுமையான பழைய சட்டம் ஒன்று, பல கூட்டங்களுக்குப் பொது, ரபிகள் அதை ஒரே பெயரில் அடைத்தார்கள்.

சூஸ்மன் பக்கமே என் மனம் சாய்கிறது. ரபிகள் நூல்களிலேயே பெயர் எப்படித் தடுமாறுகிறது என்பதைக் காட்டும் ஓர் இடம் உண்டு. கூடாரப் பண்டிகையில் பலிபீடத்தில் தண்ணீர் வார்ப்பது பரிசேயர் வழக்கு, மோசேயின் நூலில் வெளிப்படையாக இல்லாதது. ஒருமுறை ஊழியம் செய்தவர் அதைத் தன் காலில் ஊற்றிவிட்டார். ஜனங்கள் கையிலிருந்த கிடாரங்காய்களால் அவரை எறிந்தார்கள். மிஷ்னா அவரை யாரோ ஒருவர் என்று விட்டுவிடுகிறது. தொசெப்தா, பைத்தோசியன் என்கிறது. மிஷ்னாவுக்கு உரையாக விரிந்த பாபிலோனியத் தல்மூத், சதுசேயன் என்கிறது. யோசேபுஸைக் கேட்டால், கிடாரங்காய் அடி வாங்கியவர் ராஜாவும் பிரதான ஆசாரியருமான அலெக்சாந்தர் யன்னாயுஸ். அவர் கோபத்தில் சுமார் 6,000 பேரைக் கொன்றார். ஒரே அடிக்கு நான்கு முகவரி.

பைத்தோசியர் யார்? அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த பைத்தோஸ் குடும்பத்துச் சீமோனின் மகளை மணக்க விரும்பிய ஏரோது, சம்பந்தத்துக்குக் கௌரவம் வேண்டும் என்று அவரைப் பிரதான ஆசாரியராக்கினான். அந்தக் குடும்பத்தின் ஆட்கள் என்பது வழக்கமான விளக்கம். ஆனால் ரபிகள் நூல்களில் பைத்தோசியர் பெரும்பாலும் நாட்காட்டிக்காகச் சண்டையிடுகிறார்கள். பஸ்காவுக்குப் பின் முதல் கதிர்க்கட்டை அறுப்பது ஓய்வுநாளுக்கு மறுநாள் என்கிறது லேவியராகமம். அந்த ஓய்வுநாள் பண்டிகை நாளே என்பது பரிசேயர் கணக்கு. இல்லை, வாரத்தின் ஓய்வுநாள், ஆகவே அறுப்பு எப்போதும் ஞாயிற்றுக்கிழமை என்பது பைத்தோசியர் கணக்கு. அதனால்தான் அறுப்பைப் பகிரங்கமாகச் செய்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்ச்சனம் கூடிநிற்க, அறுக்கிறவர் சூரியன் சாய்ந்ததா என்று கேட்பார், இந்த அரிவாளா என்பார், இந்தக் கூடையா என்பார், ஓய்வுநாளாக இருந்தால் இந்த ஓய்வுநாளிலா என்பார். ஒவ்வொன்றையும் மும்மூன்று முறை. கூட்டம் மும்மூன்று முறை ஆம் என்று கூவும். ஓர் அரிவாள் கதிருக்கு இவ்வளவு கூச்சலா என்று கேட்டால், மிஷ்னாவின் பதில்: பைத்தோசியருக்காக.

கும்ரான் மக்களின் வருஷம் 364 நாள், சரியாக 52 வாரம். கதிர் அறுப்பும் அதிலிருந்து எண்ணும் வாரங்களின் பண்டிகையும் அதில் என்றென்றைக்கும் ஞாயிறுதான். ஏரோதின் மாமனார் வீட்டார் இந்த நாட்காட்டியைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்களா என்பது சந்தேகமே. 16ஆம் நூற்றாண்டிலேயே மாந்துவாவில் அசரியா தே ரோசி, பைத்தோசியரும், கும்ரான் மக்கள் என்று இன்று பலர் கருதும் எஸ்ஸீனரும் ஒருவரே என்று எழுதினார். சில ஏடுகளில் பைத்தோசியர் பெயர் 'பைத்' (வீடு) என்றும் மிச்சம் தனியாகவும் இரண்டு சொல்லாகப் பிரிந்து கிடப்பதும் 'எஸ்ஸீனர் வீட்டார்' என்ற ஊகத்துக்கு இடம் தருகிறது. சூஸ்மனும் இதையே எடுத்துக்கொண்டார்.

பரிசேயர் பெயரின் கதி இன்னும் வேடிக்கை. 'பெரூஷிம்' என்றால் பிரிந்தவர்கள். ரபிகள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை; தங்களுக்கு 'ஞானிகள்' என்றே பெயர். பெரூஷிம் என்பது பெரும்பாலும் சதுசேயர் வாயிலிருந்து, குறைகூறும்போது வருகிற விளி. கும்ரான் நூலிலோ எழுதியவர்கள் தங்களைப் பற்றி, ஜனத்தின் பெரும்பான்மையை விட்டுப் பிரிந்தோம் என்று அதே வினையைப் பெருமையாகப் பயன்படுத்துகிறார்கள். அந்திகோனஸ் கதையில் சாதோக்கு கூட்டம் தோராவை விட்டுப் பிரிந்தது என்பதும் அதே வினை. பிரிந்தவன் யார் என்பதில் மூன்று தரப்புக்கும் மூன்று பதில்.

இதோடு பெயர் ஓய்ந்ததா என்றால் இல்லை. மிஷ்னாவின் 'கைகள்' என்ற பகுதியில், தாரை பற்றிய சண்டைக்கு அடுத்தபடியாக, ஒரு கலிலேயச் சதுசேயன் பரிசேயரிடம் குறைகூறுகிறான்: விவாகரத்துச் சீட்டில் மோசேயின் பெயரோடு ஆள்பவனின் பெயரையும் எழுதுகிறீர்களே என்று. அச்சுப் புத்தகத்தில் அப்படி. பழைய ஏடுகளில் அங்கே இருப்பது சதுசேயன் அல்ல, 'மின்': சமயவிரோதி என்ற பொதுச்சொல். 1553இல் ரோமில் தல்மூத் எரிக்கப்பட்டது. 1578 முதல் 1581 வரை பாசலில் ஃப்ரோபன் அச்சகம் தல்மூத்தை வெளியிட்டபோது சபையின் தணிக்கைக்கு உட்பட்டே வெளியிட முடிந்தது. 'மின்' என்றால் கிறிஸ்தவர்களைக் குத்துவதாகத் தோன்றும். செத்துப்போன கட்சியின் பெயரைப் போட்டால் யாருக்கும் உறுத்தாது. ஆள் இல்லாத வீட்டுக்குத் தபால் அனுப்புவதுபோல, எந்த வசவையும் சதுசேயர் முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு சதுசேயரில் ஒருவர் ஆலய காலத்து ஆள், மற்றவர் அச்சகத்தில் பிறந்தவர். அச்சுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சதுசேயர் கொள்கையைத் திரட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தணிக்கைக்காரருக்கு முன்பே யூதர்களும் இந்தப் பெயரை வேறொருவருக்குச் சூட்டிவிட்டார்கள். வாய்மொழிச் சட்டத்தை ஏற்காத கராயிம், எகிப்தில் அந்தப் பெயரில் வழங்குகிறவர்கள், ஞானிகள் சொல்லும் சதுசேயரும் பைத்தோசியருமே என்று யூத அறிஞர் மைமோனிதஸ் எழுதினார். கராயிம் தரப்பு இதைக் கண்டு கூசவில்லை. 10ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதிய கிர்கிசானி, ரபிமாரின் தவறுகளை முதலில் அம்பலப்படுத்தியவர் சாதோக்கு என்கிறார். அவர் எதற்கும் ஆதாரம் காட்டவில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர: சகோதரன் மகளையும் சகோதரி மகளையும் மணக்கக் கூடாது என்பதற்கு, அத்தையையும் சித்தியையும் மணக்கக் கூடாது என்ற விதியிலிருந்து ஒப்புமை காட்டினாராம். அக்காள் மகளைக் கட்டுவதைத் தல்மூத் புண்ணியமாகவே பேசுகிறது. தமிழ் வாசகர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

1896இன் இறுதியில் சாலமன் ஷெக்டர் கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்துக்குப் போய், அதன் பழஞ்சுவடி அறையிலிருந்து கட்டுக்கட்டாகத் தாள்களைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அதில் இடைக்காலக் கையெழுத்தில் ஒரு விசித்திர நூல். சாதோக்கு எழும்பும்வரை முத்திரையிட்ட தோராவைத் தாவீது வாசித்ததில்லை என்கிறது. எசேக்கியேலின் சாதோக்கின் புத்திரர் தங்கள் கூட்டமே என்கிறது. சகோதரன் மகளையும் சகோதரி மகளையும் மணப்பதைக் கிர்கிசானி சொன்ன அதே ஒப்புமையால் கண்டிக்கிறது. ஷெக்டர் 1910இல் அதை 'சாதோக்கிய நூலொன்றின் துண்டுகள்' என்ற தலைப்பில் வெளியிட்டார். லூயி கின்ஸ்பெர்க் அதன் சட்டங்களை வரிவரியாகப் பார்த்து 1922இல், எழுதியவர்கள் பரிசேயச் சாய்வுள்ளவர்கள் என்று முடிவுகட்டினார். பின்பு கும்ரான் குகைகளிலேயே அதே நூலின் பிரதிகள் கிடைத்தன. 1954இல் ஹாயிம் ராபின் பதிப்பித்தபோதும் தலைப்பில் சாதோக்கு இருந்தார். 1996இல் யோசேப் பௌம்கார்ட்டன் 4ஆம் குகைப் பிரதிகளை வெளியிட்டபோது தலைப்பு 'தமஸ்கு ஆவணம்'.